திகாம் பத்துவில் நான் வாசித்த பிரெஞ்சு

புதுச்சேரியில் என் ரொட்டியைச் சாப்பிடாதவர்கள் என்றால் பல் முளைக்காத பிள்ளைகளும் பல் கொட்டிய கிழவர்களும்தான். கிழவர்களும் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டுவிடுவார்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பத்து வயதில் ஒரு பிரெஞ்சு அதிகாரி வீட்டு அடுப்படியில் சாம்பல் அள்ளப் போனேன். பிறகு பட்டாளத்துச் சமையல்கட்டு. இன்றைக்கு எனக்கு இரண்டு ரொட்டிக்கடைகள். இது தற்பெருமை இல்லை, தகவல். நான் ஏன் மலேசியாவுக்குப் போனேன் என்பதற்கு இந்தத் தகவல் வேண்டியிருக்கிறது.

என் தங்கை பிலோமினாவைக் கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணிக்குக் கட்டிக்கொடுத்தோம். அவள் மகள் ரெஜினா கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிக்கிறாள், கடைசி வருஷம். அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘மாமா, இங்கே ஒரு தோட்டத்து வீட்டில், அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சாமியார் கைப்பட எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறது. என் ஆராய்ச்சிக்கு அது வேண்டும். வைத்திருக்கிற பெரியவர் எங்களைத் தொட விடமாட்டேன் என்கிறார். பிரெஞ்சு தெரிந்த மூத்தவர் ஒருவர் வந்து வாசித்தால் திறக்கலாமாம். நம் குடும்பத்தில் உங்களைத் தவிர யார்?’

யாரும் இல்லை, உண்மைதான். பிரெஞ்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று முப்பது வருஷமாகக் கடிதத்துக்குக் கடிதம் எழுதியவனே நான்தான். பேசுவேன், திட்டுவேன், காது கொடுத்தால் எந்தத் துரை பேசினாலும் புரியும். எழுத்து? ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதை யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டேன்.

தங்கை வீடு சுங்கைப் பட்டாணியில் பாக்கார் ஆராங் என்ற பகுதியில். ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்குபோட்டுக்கொள்ளும் வரிசை வீடுகள். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் நம் வீட்டில் தும்மல் வருகிறது. வாசலுக்கு வாசல் கார் நிற்கிறது. எங்கள் ஊரில் கார் வைத்திருப்பவரைப் பார்க்கத் தெருவே எட்டிப் பார்க்கும். இங்கே காரில்லாதவனைத்தான் பார்க்கிறார்கள்.

ரெஜினாவோடு படிக்கும் சியூ லான் என்ற சீனப் பெண்ணும் வந்து தங்கியிருந்தாள். என்னைக் கண்டதும் பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள். இஸ்திரி போட்டு மடித்துவைத்த பிரெஞ்சு. நானும் பயணம் எப்படியிருந்தது என்று பிரெஞ்சில் விளக்கினேன். அவள் முகம் சிவந்துபோனது. ரெஜினா காதில் ஏதோ கேட்டாள்.

“மாமா, இப்ப ஒரு வார்த்த சொன்னீங்களே, அத எங்க கத்துக்கிட்டீங்க?” என்றாள் ரெஜினா.

“பட்டாளத்துச் சமையல்கட்டுல.”

“அங்கயே விட்டுட்டு வந்திருக்கலாம்லா.”

இரண்டு பெண்களுக்கும் மாதக் கடைசிக்குள் வேலை முடிய வேண்டும். தோட்டத்துத் தமிழர்களைப் பற்றிப் பிரெஞ்சுச் சாமியார்கள் என்ன எழுதினார்கள் என்பது ரெஜினாவின் ஆராய்ச்சி. அதே விஷயத்தை வைத்துப் பிரெஞ்சில் ஒரு சின்ன நாடகம் எழுதுவது சியூ லானின் வேலை. நூலகப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் செல்லாது, நீங்களாகக் கண்டுபிடித்த ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் தேர்ச்சி இல்லை என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். அவர்கள் கண்டுபிடித்தது அந்த நோட்டு ஒன்றைத்தான். அதன் சாவி நான்.

மறுநாள் காலை கனி பாய் கடைக்குப் போனேன். பாயின் பாட்டனார் இராமநாதபுரம் பக்கம். கடையில் ரொட்டி சானாய், மீன் குழம்பு, இழுத்து ஆற்றிய தேநீர். மாவை விசிறி விசிறி வேட்டிபோல் ஆக்கி மடித்துக் கல்லில் போடுகிறார்கள். நான்கு தின்றேன். பிறகு ரொட்டி என்றால் என்ன என்று அவருக்கு அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். பாயும் ரொட்டி சுட்டு மோட்டார் சைக்கிளில் மணி அடித்துத் தோட்டம் தோட்டமாக விற்கிறவர்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அண்ணே, ஒங்க ரொட்டி தட்டுனா சத்தம் கேக்கும்கிறீங்க. எங்க ஆளுங்களுக்குத் தேத்தண்ணில முக்குனா நனையணும். நாங்க ரொட்டிதான் விக்கிறோம், கதவு விக்கல” என்றார். கடையே சிரித்தது. தேநீரை மட்டும் பாராட்டிவிட்டு எழுந்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் தங்கை மாப்பிள்ளை அந்தோணியின் காரில் திகாம் பத்து என்ற ஊரைத் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குக் கிளம்பினோம். நான் பட்டு ஜிப்பா போட்டிருந்தேன். தோட்டத்துச் செம்மண் பாதையில் கார் புதைந்தது. “மச்சான், நீங்க எறங்குனாலே பாதி ஏறிடும்” என்றார் அந்தோணி. இறங்கித் தள்ளினேன். கார் ஏறியது, என் ஜிப்பாவின் முன்பக்கம் மலேசியாவில் பாதியை ஏற்றிக்கொண்டது.

நோட்டை வைத்திருந்தவர் சவரிமுத்து. எழுபதைத் தாண்டிய பழைய பால்மரத் தொழிலாளி, லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். அவருடைய அப்பா ஆரோக்கியம், தாடிச் சாமி என்று தோட்டம் அழைத்த அந்தப் பிரெஞ்சுக்காரரிடம் சமையல் செய்தவராம். சாமியார் ஊர் திரும்பும்போது நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது பீடத்தில் மாதா சுரூபத்தின் காலடியில், மஞ்சள் பட்டில் சுற்றி, மல்லிகைச் சரம் போட்டு இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நோட்டைத் தலையில் வைத்து எடுப்பார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை பட்டின்மேல் தொட்டுக் கும்பிடும். திறப்பது வருஷத்துக்கு ஒருமுறை, தோட்டத்துக் கோயில் திருநாளன்று, அதுவும் கையில் துணி சுற்றிக்கொண்டு தூசி தட்ட.

“படிக்கத் தெரியாத கையி அதுல படக்கூடாதுய்யா. படிக்கத் தெரிஞ்ச சின்னப் பிள்ளைங்க கையும் வேணாம். ஒங்களப் போல பெரியவங்கதான் வரணும்னு இருந்திருக்கு” என்றார் சவரிமுத்து. லயத்தில் பாதிப்பேர் வந்து முழங்காலில் நின்றார்கள். என் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, நோட்டை வைத்தார். பெண்கள் இருவரும் நாலடி தள்ளிப் பாயில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்கள்.

நான் நோட்டைத் திறந்தேன். எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. முதல் பக்கத்தில் ஒரு சித்திரம், வளைந்த குகை, அதற்குள் நெருப்பு. எனக்கு வியர்த்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். முழங்காலில் நிற்கிற நாற்பது பேரைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

நரகம்தான், வேறென்ன என்று முடிவு செய்தேன். சிறு வயதில் கோயிலில் காதில் விழுந்த பிரெஞ்சு ஜெபங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிய்த்து, நடுவில் என் சொந்தச் சரக்கையும் சேர்த்து, நரகத்தைப் பற்றி ஒரு மன்றாட்டு வாசித்தேன். வாசித்துவிட்டுத் தமிழிலும் சொன்னேன். பெண்கள் தேம்பி அழுதார்கள். ஒரு ஆள் குடியை விட்டுவிடுவதாக அங்கேயே சத்தியம் செய்தார். நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இரண்டாம் வகுப்புப் படித்தவன் இதைச் செய்திருக்கிறான் என்றால், இரண்டாம் வகுப்பை நீங்கள் குறைத்து எடைபோடக் கூடாது.

திரும்பும்போது சியூ லான் மட்டும் மெதுவாகப் பிரெஞ்சில் கேட்டாள், “அங்கிள், இந்தச் சாமியார் சில இடங்களில் சிப்பாய்போல் பேசுகிறாரே?”

“சாமியார் ஆகுமுன் பட்டாளத்தில் இருந்திருப்பார்” என்றேன்.

ரெஜினா அதையும் குறித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை எழுந்தால் கூடத்தில் தட்டச்சு இயந்திரச் சத்தம். ரெஜினா என் மன்றாட்டைப் பிரெஞ்சில் அடித்து, அடிக்குறிப்புப் போட்டு, ‘இதுவரை எவரும் அறியாத பக்தி இலக்கியம்’ என்று தலைப்பும் கொடுத்திருந்தாள். பிரான்சிலிருந்து வரும் பரீட்சகர் ஒருவரும் இதைப் பார்ப்பாராம். பசியாறும் மேசையில் சியூ லானின் தாள்கள் பரவிக் கிடந்தன. நாலடி தள்ளியிருந்து நோட்டின் சித்திரத்தை அப்படியே பார்த்து வரைந்திருந்தாள். நாடகத்தில் நரகக் காட்சிக்கு மேடையில் கட்ட வேண்டுமாம்.

தேநீரோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். வளைந்த கூரை. முன்னால் ஒரு முழ அகலத்தில் வாசல். பக்கவாட்டில் புகை போக ஒரு துளை. கீழே சாம்பல் வழி.

கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டேன். நாற்பது வருஷமாக என் முகத்தைச் சுட்ட வாசல் அது. ரொட்டி அடுப்பு! புதுச்சேரியின் முதல்தர ரொட்டிக்காரன், ரொட்டி அடுப்பைப் பார்த்து நரகம் என்று ஊரை அழவைத்திருக்கிறான்.

அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இங்கே யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தப் பரீட்சகர் ஒருநாள் நோட்டைத் திறந்து பார்த்தால், அகப்படப்போவது நானல்ல, ரெஜினா. நான் அப்போது புதுச்சேரியில் பத்திரமாக மாவு பிசைந்துகொண்டிருப்பேன்.

“ரெஜினா, அந்த மிஷின நிறுத்து.”

“ஏன் மாமா, தலவலியா?”

“எனக்குப் பிரெஞ்சு எழுத்து தெரியாது.”

“எழுதத் தெரியாட்டி பரவாயில்ல மாமா, படிச்சாப் போதும்.”

“படிக்கவும் தெரியாது. நேத்து படிச்சதெல்லாம் நானா விட்டது.”

 அவள் இயந்திரத்திலிருந்து தாளை உருவினாள். “பதினாறு பக்கம் அடிச்சிட்டேன் மாமா. பதினாறு பக்கம்.” சமையலறையிலிருந்து பிலோமினா வந்து, “அண்ணே, நீங்க என் கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படித்தான்” என்றாள். பன்னிரண்டு மணிவரை அந்த வீட்டில் எவரும் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வந்தது. குழம்பில் மீன் வால்தான் இருந்தது.

மத்தியானம் சியூ லான்தான் என் எதிரில் உட்கார்ந்தாள். எங்களுக்கு எழுத்து தெரியும், அடுப்படிச் சொல் தெரியாது, உங்களுக்கு அது தெரியும், எழுத்து தெரியாது, ரெஜினா சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள் என்றாள். நல்ல யோசனை. எனக்கே வந்திருக்கும், வால் துண்டைப் பார்த்து மனம் சோர்ந்திருந்தது. ஆனால் ரெஜினா நோட்டைத் தொட வேண்டுமானால் சவரிமுத்து விட வேண்டும். அவர் விட வேண்டுமானால் என் புளுகு அவருக்குத் தெரிய வேண்டும்.

ஐந்தாம் நாள் அந்தோணியின் கார் கிளம்பவில்லை. “காடி பேட்டரி செத்துப்போச்சு மச்சான்” என்றார். சியூ லான் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் ரெஜினாவை ஏற்றிக்கொண்டாள். நான் கனி பாயின் ரொட்டி மோட்டார் சைக்கிளில், இரண்டு ரொட்டிப் பெட்டிகளுக்கு நடுவில் செருகப்பட்டேன். பாய் மணி அடிக்கும் இடமெல்லாம் ஆட்கள் வந்து என்னைத் தாண்டிக் கைவிட்டு ரொட்டி எடுத்தார்கள். “புது ஆளு போட்டிருக்கீங்களா பாய்?” என்று ஒரு அம்மாள் கேட்டாள். “வெளிநாட்டு எஸ்பெர்ட்டு” என்றார் பாய். தட்டினால் சத்தம் கேட்காத ரொட்டியைச் சுமந்துகொண்டு திகாம் பத்துவைக் கடந்தேன். என் வாடிக்கையாளர் யாரும் அங்கே இல்லாதது என் அதிர்ஷ்டம்.

சவரிமுத்து வாசலுக்கே வந்து கும்பிட்டார். “வாங்கய்யா. ஒங்க ஜெபத்தால ராத்திரி லயத்துல ஒரு சண்டையில்ல.”

நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். எழுத்து தெரியாது, அது நரகமில்லை, அடுப்பு, அழவைத்தது தாடிச் சாமியில்லை, நான்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. குடியை விட்டவர் பின்னாலிருந்து, “அப்ப நான் செஞ்ச சத்தியம் செல்லுமா, செல்லாதா?” என்று கேட்டார். அவர் மனைவி, “செல்லும்” என்றாள்.

சவரிமுத்து சிரிக்கவில்லை.  “படிக்கத் தெரியாத கையி அதுல படக்கூடாதுன்னு எங்கப்பா சொன்னாரு. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்ப நீயுமா?” என்றார். வாசலில் ‘ஐயா’வாக இருந்தவன் ‘நீ’ ஆகிவிட்டேன்.

“நான் மட்டும்தான். இவளுக்குத் தெரியும்” என்று ரெஜினாவைக் காட்டினேன். “அவ கையில குடுங்க. நான் தொடல.”

அவர் ரெஜினாவைப் பார்த்தார், அவள் காற்சட்டையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். முடிந்தது என்று நினைத்தேன். ரெஜினாவின் முகம் செத்துவிட்டது. அவர் ஒரு செம்புத் தண்ணீரும் வெள்ளை முக்காட்டுத் துணியுமாகத் திரும்பி வந்தார். “கையக் கழுவும்மா. தலைய மூடிக்க. தப்பா மட்டும் படிச்சிராத. ஏற்கெனவே ஒருத்தன் படிச்சிட்டான்.”

ரெஜினா எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். பல சொற்கள் அவளுக்கே புரியவில்லை. நான் கண்ணை மூடிக் கேட்டேன். மாவு, புளிப்பு, பிசைதல், மேல்தோல் எல்லாம் அந்த அதிகாரி வீட்டு அடுப்படியில் என்மேல் விழுந்த சொற்கள். பாதி அடியோடு விழுந்தவை. நான் தமிழில் சொல்லச் சொல்ல சியூ லான் எழுத, கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது.

‘ஈஸ்ட் கிடைக்கவில்லை. கள் போட்டுப் பார்ப்போம் என்கிறான் ஆரோக்கியம்.’

‘ஆரோக்கியத்தின் ரொட்டி இன்று கல். கதவுக்கு முட்டுக்கொடுத்தேன்.’

‘மழை. விறகு ஈரம். ஆரோக்கியத்தின் ரொட்டி வெளியே கரி, உள்ளே களி.’

‘மாவில் ஊற்றக் கொடுத்த கள்ளில் பாதியை ஆரோக்கியம் குடித்துவிட்டான் என்று சந்தேகம். இல்லை என்கிறான். பாடுகிறான்.’

லயம் வெடித்துச் சிரித்தது. சவரிமுத்துவைத் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பீடத்தில் வைத்து, காய்ச்சல் பிள்ளைகளின் தலையில் வைத்து எடுத்த புத்தகம். அதில் கள்ளும் கரியும்!

அவர் சிரிப்பை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். “எங்கப்பா பேரா எழுதிருக்கு? அந்தச் சாமி எங்கப்பா பேர எழுதிருக்காரா?”

“பக்கத்துக்குப் பக்கம் இருக்கு தாத்தா” என்றாள் ரெஜினா.

“காட்டு.”

அவள் எழுத்தைக் காட்டினாள். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். “இதுவா?” அடுத்த பக்கம். “இங்க?” அப்படியே எல்லாப் பக்கத்திலும் அவருடைய அப்பாவைத் தொட்டுக்கொண்டு போனார். கடைசிப் பக்கத்தில் இரண்டே வரிகள். ரெஜினா வாசித்தாள், நான் தமிழில் சொன்னேன்.

‘இன்று ஆரோக்கியத்தின் ரொட்டி என் தாயின் ரொட்டியைவிட நன்றாக இருந்தது. இதை அவளுக்கு எழுதமாட்டேன்.’

அந்த அதிகாரி வீட்டில் நான் எட்டு வருஷம் இருந்தேன். என்னை ‘ஏய், பொடியா’ என்பார்கள். எழுதிவைக்கிற அளவுக்கு என் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். அதை அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

சவரிமுத்து மூக்கைச் சிந்திவிட்டு என்னிடம் திரும்பினார். “தம்பி, படிக்கத்தான் தெரியாது. சுடவாவது தெரியுமா?”

என்னிடம் கேட்கிற கேள்வியா அது!

ஆறாம் நாள் முழுக்க வேலை. தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் ஒரு செங்கல் குவியல் இருந்தது. யாரோ சாமியாரின் கல்லறை என்று எல்லா ஆத்துமாக்கள் திருநாளில் அதற்கு மெழுகுவர்த்தி ஏற்றிவந்தார்களாம். சியூ லானின் படத்தை வைத்துப் பார்த்தேன். அதேதான். ஒரு கல்லறைக்குச் சாம்பல் வழி எதற்கு? இடிந்ததைச் சேறு பூசி ஒட்டி, மேலே தகரம் போட்டு மூடினேன். காலைக் கள் தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து வந்தது. அதைச் சத்தியம் செய்தவர் கையில் கொடுத்தனுப்பாமல் அவர் மனைவியே சுமந்துவந்தாள். கனி பாய் மாவும் டின்களும் கொண்டுவந்தார். கள் வாடை வந்ததும் மரத்தடியில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். “மாவு தர்றேன், டின்னு தர்றேன். ஆனா நான் எதையும் பாக்கல அண்ணே.”

கெடாவின் வெயிலில் மாவு கிடுகிடுவென எழும்பியது. சாயங்காலம் நாலு மணிக்கு ரொட்டியை இழுத்தேன். தட்டினேன். சத்தம் கேட்டது. முதுகைக் காட்டி நின்ற பாய்க்கும் கேட்டிருக்கும். தோளைக் குலுக்கினார்.

முதல் துண்டை சவரிமுத்து பீடத்தில் வைத்து வணங்கிவிட்டு வாயில் போட்டார். நிதானமாக மென்றார். லயமே அவர் வாயைப் பார்த்தது.

“நல்லாருக்கு தம்பி” என்றார். “எங்கப்பா சுட்டது இத விட நல்லாருந்திருக்கும்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“அதான் எழுதிருக்கே!”

புதுச்சேரியில் எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டேன். எழுத்தில் இருப்பதை என்ன செய்வது?

மறுநாள் நோட்டைப் படமெடுக்க அவரே கொடுத்தார், விரித்த பட்டின்மேல் வைத்து, பக்கம் பக்கமாக. பிறகு பழைய இடத்திலேயே வைத்தார். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் தூக்கிவந்தாள். தலையில் வைத்து எடுத்தார். 

சில மாதம் கழித்து ஒரு பொட்டலம் வந்தது. இருவரும் தேறிவிட்டார்கள். சியூ லானின் நாடகத்தில் நரகம் போய் அடுப்பு வந்திருக்கிறதாம். இல்லாத எழுத்தை வாசிக்கிற ஒரு ரொட்டிக்காரனும் வருகிறானாம். அவனுக்குத்தான் கைதட்டல் அதிகமாம். ரெஜினாவின் ஆராய்ச்சி கெட்டி அட்டை போட்டிருந்தது. உள்ளே ஒரு பக்கத்தில் ஒரு வார்த்தைக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. ‘மாமா, இதுதான் உங்கள் பெயர்’ என்று ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தாள்.

அதைக் கடையில் மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவேன். முதலில் கையைக் கழுவிக்கொண்டு வர வேண்டும்.